ஆட்டுத்தோலும் அடுத்த வீட்டு மருமகளும்

நான்கு வருடங்களுக்கு முன், ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்திருந்த சமயம். நானும் என் கணவரும் மலைக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

என் கணவர் ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே புழங்கிய ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. வேலையை விட்டால்தான் கை பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் தோல்தான். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்து, பழைய முறையில் கொஞ்சமாகத் தோல் பதனிடலாம் என்று முடிவு செய்தோம். கடுக்காய் மலையிலேயே கிடைக்கும். தெரிந்தவர் ஒருவர் தன் காலி வீட்டையும் பின்பக்கக் கொட்டகையையும் எங்களுக்கு விட்டார். செங்கத்திலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வாங்கி வந்து, அலசி, நீல டிரம்களில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தோம். ரோமம் கழன்று வரும்வரை அது அப்படியே கிடக்க வேண்டும்.

நாற்றம் என்றால் சாதாரண நாற்றமில்லை. கணவரின் சட்டையில் தோல் வாடையை வருடக்கணக்காகத் துவைத்த எனக்கே குமட்டியது.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா, அவருடைய மகன், மருமகள். மருமகள் மாசமாக இருந்தாள். முன்பு இரண்டு முறை கலைந்துபோனதாக வந்த புதிதில் அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஒருநாள் காலை துணி காயப்போடும்போது, அவள் வீட்டுக்குப் பின்னால் குந்தியபடி வாந்தி எடுப்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பார்த்த ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சண்டைக்கு வரவில்லை. சாக்கைச் செருகிவிட்டு சும்மா இருந்துவிட்டார்கள்.

கணவரிடம் சொன்னேன். "இப்ப எடுத்து வெளிய போட்டா அழுகிடும். இதான் நம்ம மொத தோலு," என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்க வூட்டு நாத்தம்தானே அவளுக்கு ஒத்துக்கல?"

முறத்தை நிறுத்தாமலே சொன்னார். "இன்னா பண்றதும்மா. புள்ளத்தாச்சிக்கு மோப்பம் ஜாஸ்தி. ஒரு வாய் சோறு தங்க மாட்டேங்குது."

"ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீங்க எங்க போவீங்க?"

"இன்னிக்கே டிரம்மைக் காலி பண்ணிட்றோம்க்கா," என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

உள்ளிருந்து மகன் வந்தார். "மேட்டுக்கு அந்தாண்ட எங்க கொல்லையில கொட்டா இருக்குது. போர் தண்ணியும் இருக்குது. காத்து இங்க வராது, அங்க வெச்சுக்கோங்க. சுண்ணாம்புத் தண்ணிய குழி எடுத்து வுடுங்க. ஓடையில வுட்றாதீங்க, மாடு குடிக்கும்."

அந்த வீட்டில் பச்சைத் தோலைத் தொடும் வழக்கம் கிடையாது. அதனால் டிரம்களை மட்டும் அவர் உருட்டிக்கொண்டு போக, தோலை நானும் கணவரும் எடுத்துக் கூடையில் போட்டோம். ஊறிய தோல் வழுக்கும், கனக்கும். அந்த அம்மா கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"இன்னொரு கிளவுஸ் இருக்குதா?"

"வேணாங்க்கா, நீங்க தொட வேணாம்," என்றார் என் கணவர்.

"தொட்டா இன்னா, குளிச்சிட்டா போச்சு. வெயில்ல காஞ்சிடப் போவுது, தூக்கு."

ஒரு கூடையை நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேடு ஏறினோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, "இந்த ஒரு புள்ள தங்கினா போதும்மா," என்றார். எனக்கும் ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்ததையும், அதற்குப் பிறகு தங்கவே இல்லை என்பதையும் அங்கே வைத்துத்தான் சொன்னேன். மலையில் யாரிடமும் சொல்லாதது. மறுபடி தூக்கும்போது அவர் கூடையைத் தன் பக்கம் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டார். என் கையில் கனம் குறைந்தது. மேடு இறங்கும்வரை நான் அழுதுகொண்டேதான் நடந்தேன்.

ஒன்றிரண்டு தோல் நைந்துபோனது. மற்றதெல்லாம் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் ஊறி, நல்ல பழுப்பில் மெத்தென்று வந்தது. முதல் தோலைக் கணவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இப்போது அவர் கையில் புண் இல்லை.

மாங்காய் சீசனில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சுட்டி இன்று என்னை "பெரிம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு கொல்லையெல்லாம் ஓடுகிறாள்.

வாய் திறந்து சொல்லாமல் நமக்காகப் பொறுத்துக்கொள்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும் என்று காத்திராமல் நாமாகப் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று அவள் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.