ஆணியில் தொங்கிய பென்டிரைவ்

ரத்த வங்கியில் அவளுக்குப் புயல் என்று பெயர். விரலும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். ஒன்பது வருடமாகத் தற்காலிகத் தட்டச்சர். நிரந்தரமாக்கும் உத்தரவை இன்று தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அங்கே இருந்த ஒரே பிரிண்டர் கிழடு, ஒரு கம்ப்யூட்டரின் பேச்சை மட்டும்தான் கேட்கும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பென்டிரைவ், பிரிண்டருக்கு மேலே ஆணியில் நூல் கட்டித் தொங்கும். முந்தின நாள் அதைச் சத்தமில்லாமல் எடுத்துப்போய், தங்கை குழந்தையின் படங்களை ஸ்டூடியோவில் அச்சுப்போட்டு வந்தாள். ஆசை யாரை விட்டது!

இன்று அதைச் செருகியதும் திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாய்ப் பெயர் மாறின. "ஐயோ, என் லிஸ்டைக் காணோமே!" என்று அலறினார் பக்கத்து மேசைக்காரர். அவர் எதையும் தொடவே இல்லை. அடுத்து எதிர் மேசை.

போன மாதம் கம்ப்யூட்டர்க்காரர் கூட்டம் போட்டுத் தொண்டை வற்றக் கத்தியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு எல்லோரும் டீக்காகத்தான் போனார்கள். அவர் கத்தியது இதைத்தான்: "புழுன்னு ஒரு வைரஸ் இருக்கு, அதுக்கு நீங்க கிளிக் பண்ணணும்னு அவசியமில்ல. ஒரு மெஷின்ல நுழைஞ்சா போதும், வயர் வழியா அதுவா ஊர்ந்துடும். முதல்ல வயரைப் பிடுங்குங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க."

ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் முழுதும் உள்ளறைக் கம்ப்யூட்டரில்! பென்டிரைவை உருவி ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள். செருப்பு ஒருபக்கம், துப்பட்டா ஒருபக்கம். மேசைக்கடியில் புகுந்து வயர்களைக் கொத்தாகப் பிடுங்கினாள்.

கம்ப்யூட்டர்க்காரர் வந்து பார்த்தார். "உள்ளறை தப்பிச்சுது! ஆனா இது எதுல வந்துச்சுன்னு தெரியணும். இல்லன்னா மறுபடி வரும்."

"யாரு பார்த்த வேலை இது?" மேலாளர் எகிறினார்.

வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம்.

"நான்தான் சார். பென்டிரைவை வெளியே கொண்டுபோனேன்."

மேலாளர் தலையைச் சொறிந்தார். "முந்தாநாள்... என் பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு நானும் கொண்டுபோனேன்மா."

"நானும்தான்," என்றார் பக்கத்து மேசைக்காரர். கம்ப்யூட்டர்க்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சரி, உன் ஆர்டரை டைப் பண்ணி வச்சிருக்கேன், பிரிண்ட் எடுத்துடலாம்," என்ற மேலாளரின் கை, பழக்கதோஷத்தில் ஆணியை நோக்கிப் போனது.

"சார்!" புயல் குறுக்கே பாய்ந்தாள். "கையாலயே எழுதிக் குடுங்க!"