இலை ஓரத்துக் கறிவேப்பிலை

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறுபவர் ஒருவர் இருக்கிறார். ஒல்லியான உடம்பு, ஒரு பக்கம் நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. யார் சாப்பிட்டு எழுந்தாலும், இலையில் எதை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

எனக்கு இரண்டு மாதமாக வயிற்று உப்புசம். தினமும் சரியாக ஒரு மணிக்குச் சாப்பிடுவேன். கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக வைப்பேன். முடிந்ததும் மாத்திரை போடுவேன். ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், மருந்த ஒதுக்கி வெச்சிட்டு மாத்திரைய முழுங்குறீங்க! மென்னு சாப்புடுங்க, செரிக்கும்."

மறுநாள் முதல் கேட்காமலேயே என் இலையில் கறிவேப்பிலைத் துவையல் விழுந்தது. மோரில் சீரகமும் கொத்தமல்லியும் மிதந்தன. ஒரு வாரத்தில் உப்புசம் பாதி குறைந்தது. நன்றி சொல்லலாம் என்று, கூட்டம் இல்லாத மூன்றரை மணிக்குப் போனேன். அவர் அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இலை ஓரத்திலும் கறிவேப்பிலை குவிந்து கிடந்தது.

"என்னங்க, நீங்களே ஒதுக்குறீங்க?"

அவர் சிரித்தார். "எனக்கு அது புடிக்காது சார். நான் பசி வந்தப்புறம் உக்கார்றேன், எதுவும் செரிச்சிடும். நீங்க மணிய பாத்துக்கினு வர்றீங்க. உங்களுக்குத்தான் அது வேணும்."

மறுநாள் ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். இலையைப் போட்டவர் பரிமாறாமல் நின்றார்.

"பசிக்குதா சார்?"

கடிகாரத்தைப் பார்க்கத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். பசிக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அவர் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.