காலை ஆறு மணிக்கு ஒரு ட்ரீட்

ஓசூரில் வேலை நிரந்தரமானால் ட்ரீட் தர வேண்டும். எங்கள் ஃபாக்டரி லைனில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சனிக்கிழமை சாயந்தரம் பைக்குகளில் கர்நாடக எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, கடவுளை நம்பித் திரும்பி வருவது.

என் முறை வந்தபோது ஒரு சிக்கல். எங்களோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் குடியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடி தொட்டால் பிள்ளைகளோடு பர்கூருக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவதாக அண்ணி சொல்லியிருந்தார். அவரைக் கூப்பிட்டால் ஆபத்து; கூப்பிடாவிட்டால் அவமானம்.

நான் விடுவேனா? மூன்று நாள் ஃபோனில் குடிநோய் பற்றிப் படித்துத் தள்ளி ஒரு திட்டம் போட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிரியாணி. எங்கள் பக்கம் விடியும் முன்பே பிரியாணிக்கு வரிசை நிற்கும். மதுக்கடை திறக்கவோ மதியமாகும். மதுவிலக்கு வரலாற்றில் எனக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் வந்தார்கள். ஃபாக்டரியின் பெயிண்ட் ஷாப் பிரிவு நண்பன் மட்டும் ஒரு பையோடு வந்தான். முதல் நாளே சரக்கு வாங்கி வைத்திருக்கிறான். என் திட்டத்தில் முதல் நாள் என்ற ஒன்றே இல்லை. கடைக்குள் குடிக்கப் பிரியாணிக் கடைக்காரர் பாய் விடமாட்டார் என்பதால், தட்டுகளோடு எங்களை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"ஸ்வல்ப, அண்ணா, கொஞ்சமே கொஞ்சம். நம்ம பையன் ட்ரீட்டு," என்று டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான். அண்ணன் அந்த டம்ளரையே பார்த்தார்.

நான் ஆரம்பித்தேன். கல்லீரல், மூளை, தூண்டும் சூழல்கள்.

"தம்பி, நீ இன்னும் ரெண்டு நிமிசம் பேசுனா நான் குடிச்சிருவேன்," என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நண்பன் பக்கம் திரும்பினார். "ஒரு வாட்டி வேணாம்னு சொல்லிருவேன்டா. பக்கத்துலயே வெச்சிக்கினு உக்காந்தீன்னா எத்தனை வாட்டி சொல்றது?"

டம்ளரை அவன் பக்கமே தள்ளினார். நண்பன் அதைப் பார்த்தான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னண்ணே?"

"நீ எங்கடா கேட்ட?"

நண்பன் டம்ளரை மண்ணில் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்ப் பையை பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். திரும்பி வந்து சாவியை என்னிடம் நீட்டினான். "நீயே வெச்சிக்க, டாக்டரு. ஆனா வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. அண்ணன் நிதானமாகச் சாப்பிட்டார். கிளம்பும்போது அண்ணிக்கும் பிள்ளைகளுக்குமாக மூன்று பார்சல் சொல்லிவிட்டு, அதுவும் ட்ரீட்டில் சேர்த்திதான் என்றார்.