யானையின் மறுபாதி நசரத்பேட்டையில்

அம்பத்தூரில் நாற்பது பேருக்குச் சோறு போட்ட பொம்மைக் கம்பெனியைக் கொன்றது, அதை நடத்திய அண்ணன் தம்பிதான். சீன பொம்மை வந்ததால் மூடினோம் என்று அவர்கள் சொல்வது பொய்.

அப்பா தொடங்கிய கம்பெனி. அவர் போனதும் சண்டை, பாகப்பிரிவினை. பிளாஸ்டிக் பொம்மை வார்க்கும் இரும்பு அச்சு இரண்டு பாதியாக இருக்கும். சேர்த்து மூடினால்தான் பொம்மை. இவர்கள் ஒவ்வொரு அச்சிலும் ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பிழைத்துவிடக் கூடாதாம்.

பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா அங்கே பதினெட்டு வருடம் மெஷின் ஓட்டியவர். இப்போது சொந்தமாக பொம்மை வார்க்க வானகரத்தில் ஒரு மெஷினை வாடகைக்குப் பேசியிருந்தார். திங்கட்கிழமைக்குள் அச்சு வராவிட்டால் அந்த மெஷின் பக்கெட் வார்க்கிறவருக்குப் போய்விடும். அதனால்தான் போன சனிக்கிழமை அவரோடு கிளம்பினேன்.

காலை 8.40, அம்பத்தூர், அண்ணன்காரரான பெரியவர் வீடு. சக்கரம் வைத்த யானை பொம்மையின் பாதி அச்சை உடனே கொடுத்துவிட்டார்.

"எனக்கு இன்னாத்துக்கு இது? எடுத்துகினு போ. மீதி அவன்கிட்ட கீது."

கூட வாருங்கள் என்றோம். "அவன் ஊட்டு வாசல நான் மிதிப்பனா?" என்றார்.

முப்பது கிலோ இரும்பு. பஸ்ஸில் ஏற்றவிடவில்லை. ஆட்டோ, 17 கிலோமீட்டர், 450 ரூபாய். "யானைன்றீங்க, பாதிதான கீது? சவாரிக்கும் பாதிதான் குடுப்பீங்களா?" என்றார் டிரைவர். அக்கா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அவ்வளவுதான். வானகரம் நெரிசலில் 25 நிமிடம் போயிற்று.

10.15, நசரத்பேட்டை. சின்னவர் வீட்டு முன்னால் தண்ணீர் டிரம் ஒன்று, அடுக்கிய அச்சுகளின் மேல் நிற்கிறது. அடியில் இருப்பது யானைதான் என்று அக்கா பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"அவன் நேர்ல வந்து கேக்கட்டும், குடுக்கறேன்" என்றார் சின்னவர்.

"அவரு வரமாட்டாருன்னு உங்களுக்கே தெரியும் மொதலாளி. டிரம்முக்கு அடியில வெக்க நான் செங்கல் வாங்கியாறேன்."

"செங்கல்லாம் வாணாம். அது அங்கயே கெடக்கட்டும்." கேட்டைச் சாத்திக்கொண்டார்.

பழைய அச்சு வாங்கப் புறப்படுகிறவர்கள், இரண்டு பாதியும் ஒரே வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டோவை முதலிலேயே போக வரப் பேசிவிடுங்கள். திரும்புவதற்கு எங்களிடம் 550 வாங்கினார்கள். சமாதானம் பேசலாம் என்று மட்டும் போகாதீர்கள். இவர்களுக்குக் கம்பெனியும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். ஒருவர் கெட்டதை மற்றவர் பார்த்தால் போதும். நடுவில் நாற்பது குடும்பம் கெட்டது இருவர் கண்ணிலும் படவில்லை.

பதினொரு மணி வரை அக்கா கேட்டைத் தட்டினார். உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அதற்கு மேல் அவர் கத்தினார்:

"ஒங்க ரெண்டு பேரு ஊட்லயும் ஒல கொதிக்குது. எங்க ஊட்ல கொதிக்க வாணாவா? அந்தப் பாதிய குடுங்க மொதலாளி!"