காது இல்லாத ஸ்கெட்ச்

அடையாற்றில் எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவைக் கடல்காற்று அறைந்துவிடாமல் இத்தனை வருடமாகப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது ஒரு இரும்புத் தகடு. நோட்டுப் புத்தகம் அளவு இருக்கும். விரல் தடிமன், பதினோரு துளைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ பழைய இயந்திரத்தின் பாகம் என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த இயந்திரத்திலும் அது ஒரு நாள்கூடப் பொருந்தியதில்லை. பொருந்தாமல் போனதற்குக் காரணம் நான். அதற்கான தண்டனையை வாங்கிக்கொண்டவர் என்னோடு வேலை பார்த்த செக்கர் அக்கா.

தொண்ணூறுகளின் கடைசியில், ஈக்காட்டுத்தாங்கலில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கீழே பட்டறை, மேலே நான்கு கம்ப்யூட்டர். மந்தைவெளியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அந்த வயதில் எனக்கு எதிலும் இருப்புக் கொள்ளாது. சிக்னலில் பஸ் நின்றால் இறங்கி நடக்கத் தோன்றும். "ஆத்துல ஒரு நாழி உக்காந்து சாப்பிடேண்டி, கால்ல என்ன சக்கரத்தையா கட்டிண்டிருக்கே" என்று அம்மா தினமும் திட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த மாதமே சிங்கப்பூருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவள் நான். செக்கர் அக்கா அதற்கு நேர் எதிர். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாங்கள் வரைந்த ஒவ்வொரு தாளும் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பட்டறைக்கு இறங்கும். வடிவமைப்புப் பிரிவுக்கே அவரைப் பொறுப்பாளராகப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பொறுப்பாளருக்கென்று இருந்த ஜன்னலோரத்து மேசையை மட்டும் அடிக்கடி பார்ப்பார்.

அப்போது எங்களுக்கு வந்திருந்த புதிய மென்பொருளில், எதையும் முதலில் ஒரு தட்டையான பரப்பில் வரைய வேண்டும். பரப்புக்குப் பிளேன் என்றும், அதில் வரைவதற்கு ஸ்கெட்ச் என்றும் பெயர். முன்பக்கத்துப் பிளேனில் வரைந்த ஸ்கெட்சை அப்படியே எடுத்துப் பின்பக்கத்துப் பிளேனுக்கு மாற்றலாம். இரண்டு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் முடியும். எனக்கு அதைவிடப் பிடித்த வசதி உலகத்திலேயே கிடையாது. ஆபத்தும் அதில்தான் இருந்தது. பஸ் கண்ணாடியில் எழுதிய ஊர்ப்பெயரை உள்ளேயிருந்து படித்தால் எப்படித் தெரியுமோ அப்படி, மாறிய ஸ்கெட்ச் சில சமயம் இடம் வலமாகப் புரண்டுவிடும். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. அதற்காக அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்கெட்சிலும் இடது மேல் மூலையில், உருவத்துக்கு வெளியே, ஒரு குட்டி முக்கோணம் போடுவார். அதற்குக் காது என்று பெயர். நாங்களும் போட வேண்டும். "எங்க வேணா தூக்கிப் போடு. காது எந்தப் பக்கம் கீதுன்னு மட்டும் பாத்துக்க" என்பார். எனக்கு அது அசிங்கமாகத் தெரியும். நெற்றியில் ஒட்டிய சோற்றுப் பருக்கை மாதிரி.

ஒரு அச்சுக்காக இந்தத் தகட்டை வரைந்துகொண்டிருந்த நாளில், நாலு மணிக்குத் தி. நகரில் எனக்குச் சிங்கப்பூர் வேலைக்கான நேர்காணல். மதியம் இரண்டு மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. தகட்டை எதிர்ப்பக்கம் மாட்டப் போகிறார்களாம், துளைகளின் வரிசை மட்டும் மாறக் கூடாதாம். ஸ்கெட்சைப் பின்பக்கப் பிளேனுக்கு மாற்றினேன். இடது மூலையில் இருந்த காது வலது மூலைக்குத் தாவியது. இதற்காகவே வைத்த காது, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. நானோ, சனியன் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது என்று காதை அழித்தேன். துளைகள் பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் நூலளவு தள்ளி இருந்ததை நான் கவனிக்கவில்லை.

பிரிண்டை எடுத்துப்போய் அக்கா முன்னால் வைத்தேன். தோளில் பை மாட்டியாகிவிட்டது.

"காது எங்க?"

"பிரிண்ட்ல விட்டுப்போச்சுக்கா. ஸ்கிரீன்ல பாத்துட்டேன், சரியா இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். நேர்காணல் விஷயம் அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆட்டோ புடிச்சுப் போ. படபடன்னு பேசாத, நிறுத்திப் பேசு" என்றார்.

பத்து நாள் கழித்துக் கீழேயிருந்து ஃபிட்டர் தகட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "இன்னா மேடம் இது, ஒரு ஓட்டை எதிர்ப்பக்கமா கீது. பூட்டவே மாட்டேங்குது." திருப்பிப் போட்டால் ஆயிற்றே என்று தோன்றும். திருப்பினால் துளைகள் பொருந்தும். ஆனால் திருகின் தலை புதைய வேண்டிய குழிகள் அடியில் போய்விடும். எப்படித் திருப்பினாலும் தப்புதான். முதலாளி வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "யார் செக் பண்ணது?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

யார் வரைந்தது என்று முதலாளி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். என் திரையில் இருந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர்க்காரர்கள் முதலாளியிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டிருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம், கடிதம் வந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கடிதம் வந்தது. ஜன்னலோரத்து மேசையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அக்காவிடமிருந்து கையெழுத்து அதிகாரத்தைப் பிடுங்கி, பழைய தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள். அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆறு வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள், செய்தித்தாளில் சுற்றிய கனமான ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். "இது உன்னுது. எடுத்துக்கினு போ." அவ்வளவுதான். வீட்டில் பிரித்தேன். அந்தத் தகடு. அதன் வலது மேல் மூலையில், கூரான ஊசியால் கீறிய ஒரு குட்டி முக்கோணம். வலது மூலை. நான் அழிப்பதற்கு முன் காது எங்கே போய் உட்கார்ந்ததோ சரியாக அங்கே. பழைய ஃபைலைத் திறந்து, ஸ்கெட்சைத் தானே ஒருமுறை மாற்றிப் பார்த்திருக்கிறார். என் திரையில் நான் என்ன பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலும் சரி, திரும்பி வந்த பிறகும் சரி, நான் போடும் ஒவ்வொரு ஸ்கெட்சிலும் காது உண்டு. இப்போதைய மென்பொருளில் ஸ்கெட்ச் புரண்டால் அம்புக்குறி காட்டுகிறது. இருந்தாலும் போடுகிறேன். யாராவது எதற்கு என்று கேட்டால் பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

போன வாரம் மந்தைவெளி மார்க்கெட்டில் அந்த ஃபிட்டரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "செக்கரம்மாவா? பாலவாக்கத்துல கீறாங்க. போன மாசம்கூட உன்னை விசாரிச்சாங்க" என்றார். என்னவென்று விசாரித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. மூன்று முறை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

இன்று காலை தகட்டை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். முதலாளி அன்று கேட்காத கேள்விக்கு, கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவரிடம் போய்ப் பதில் சொல்ல வேண்டும். வரைந்தது நான்தான் அக்கா, காதையும் பார்த்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நிறுத்திச் சொல்ல வேண்டும்.

தகடு இல்லாமல் பால்கனிக் கதவு காலையிலிருந்து அறைந்துகொண்டே இருக்கிறது. அறையட்டும்.