இரண்டு எனாமல் தட்டுகள்

"ஜோடி எங்க?" என்று கேட்டபடியே ஏவ்லின் ஓர் எனாமல் தட்டைக் கைக்குட்டையால் துடைத்து மேஜைமேல் வைக்கிறாள். பக்கத்துத் தட்டில் ஏற்கெனவே ஓர் இட்லி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஜோடியாகப் பதினோரு பிள்ளைகள் அறை முழுக்கப் பஞ்சு தேடுகிறார்கள். மூலையில் சுருட்டி வைத்திருந்த மெத்தையின் ஓரத்தைப் பிரித்து ஒருத்தி கொஞ்சம் பிடுங்கியும் விட்டாள். மெத்தை, அறையை இரவல் கொடுத்த கடைக்காரருடையது.

சைகோன் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள் ஏவ்லின். வயது இருபத்தெட்டு. அப்பா புதுச்சேரியிலிருந்து வந்த குமாஸ்தா. இவள் பிறந்தது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே பக்கீர் மைதீன் பாயின் ஜவுளிக்கடைப் பின்னறைக்கு வந்து, சம்பளமில்லாமல் தமிழ்ப் பாடம் நடத்துகிறாள். பாய் வீட்டுப் பிள்ளைகள், அக்கம்பக்கத்துக் கடைப் பிள்ளைகள், கோயில் தெருப் பிள்ளைகள், எல்லாருக்கும் அவள் 'மத்மசேல்', அதாவது பிரெஞ்சு 'மிஸ்'.

உவமையைக் கண்டுபிடிக்க அவள் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. "ஒரு தட்டு மட்டும் நெறஞ்சா அது வெறும் சேதி. ரெண்டும் நெறஞ்சாத்தான் உவமை." வாயால் சொன்னால் போதாது, பொருளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அடுத்த கடையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற எனக்கு ஞாயிறு விடுமுறை. காப்பியும் கையுமாக வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்ப்பதில் ஒரு வாரமும் தவறியதில்லை.

பாடப் புத்தகமோ ஊரிலிருந்து கப்பலில் வந்தது. அதில் ஒரு ராணி எலுமிச்சம்பழ நிறம். ஒன்பது வயது ஜுலைகா சந்தையிலிருந்து ஒரு பழம் வாங்கிவந்து தட்டில் வைத்தாள். இந்த ஊரில் எலுமிச்சையைப் பச்சையாகத்தான் விற்பார்கள். ராணிக்கு உடம்புக்கு என்ன என்று கவலையோடு கேட்டாள் பெண். ஏவ்லின் விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர, தப்பு என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் அன்னநடைக்காக ஒரு வாத்து வந்தது. அது தட்டில் நிற்க மறுத்து வெள்ளைத் துணிக் கட்டுகளின்மேல் நடந்து காட்டிய கதையைப் பாயிடம் இன்றைக்கும் எடுக்க முடியாது.

இந்தச் சித்திரையில், ஊரின் சீனர் பேட்டையான சோலோன் பக்கம் பீரங்கி வெடித்த ஞாயிறன்றும் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் மேஜைக்கடியில் புகுந்தார்கள். அவளும் தட்டுகளோடு புகுந்து, இந்தச் சத்தம் எது மாதிரி என்று கேட்டாள். அத்தா கடையின் இரும்புக் கதவை இழுக்கிற மாதிரி என்றது ஒன்று. மாமி குறட்டை என்றது இன்னொன்று. நானும் அங்கேதான் பதுங்கியிருந்தேன், மறைப்பானேன். சிரித்த பிறகுதான் மேஜைக்காலைப் பிடித்திருந்த கையை விட்டேன்.

புதுச்சேரி இந்தியாவுக்குக் கைமாறிவிட்டது. இங்கே பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். கப்பலேறுவதா, இருப்பதா என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சு. இந்தக் குழப்பத்தில் பாய்க்குப் பின்னறையைத் துணிக் கிடங்காக்கும் யோசனை வந்தது. "நாளைக்கு வியத்நாம் பாஷையிலதான் இந்தப் புள்ளைங்க பொழைக்கணும். உவமைய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போவுதுங்க?" என்றார். ஆனாலும் நியாயஸ்தர். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரே கேள்வி கேட்பதாகவும், பிள்ளைகள் சரியாகச் சொன்னால் அறை அவர்களுக்கே என்றும் வாக்குக் கொடுத்தார். வகுப்பு நடத்த ஏவ்லினுக்கு வேறு இடமில்லை. அவள் வீட்டில் நாலு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. அந்த வாரம் முழுக்கத் தட்டச்சில் பிழையாக விழுந்தது என்று அவளே என்னிடம் சொன்னாள்.

பாய் வந்தார். கொண்டுவந்த வெள்ளை மல் துணித் துண்டு ஒன்றை முதல் தட்டில் வைத்தார். தும்பைப்பூ மாதிரி துணி என்றார். வாடிக்கைக்காரர்களிடம் அவர் தினமும் சொல்லுகிற வசனம்தான். "ம், ஜோடிய வைங்க."

பிள்ளைகளில் ஒருவரும் தும்பைப்பூவைப் பார்த்ததில்லை. இந்த ஊரிலேயே பிறந்த ஏவ்லினும் பார்த்ததில்லை. தன் சட்டத்திலேயே தான் மாட்டிக்கொண்டு, காலித் தட்டைப் பார்த்தபடி நின்றாள். எனக்குக் காப்பி கசந்தது.

ஜுலைகா எழுந்து போய் அந்தத் துணியை எடுத்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். பாதியை இந்தத் தட்டிலும் பாதியை அந்தத் தட்டிலும் வைத்தாள்.

"பூவ நாங்க பாக்கல. ஆனா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப பூவும் இப்படித்தான் இருக்கும்."

பாய் கிழிந்த துணியைத் தடவிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "நானும் அதப் பாத்து முப்பது வருஷமாச்சு," என்றார் மெதுவாக. "இப்ப நெனச்சா எனக்கும் துணிதான் தெரியுது." இடுப்பு வாரிலிருந்து பின்னறைச் சாவியைக் கழற்றி முதல் தட்டில் வைத்துவிட்டு, கடைப்பக்கம் திரும்பி நடந்தார்.

ஏவ்லின் இரண்டாவது தட்டிலிருந்த துணியை எடுத்து முதலில் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் அதே துணியால் தட்டைத் துடைத்தாள். சாவி இருந்த தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காலித் தட்டை வைத்து, ஒற்றை விரலால் பிள்ளைகள் பக்கம் தள்ளினாள்.