குதைபியாவில் சுட்ட ரொட்டி

போன வாரம் வீடியோ காலில் என் மகள் ஒரு ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். தவிட்டு நிறத்தில் உருண்டை ரொட்டி, மேலே சிலுவையாக ஒரு கீறல். "இங்க இப்பம் வீட்டுல ஆரும் சுடல்லம்மா, கடையிலதான் வாங்குவாவ" என்றாள். எனக்கு இங்கே, நாகர்கோவிலில், புளித்த மோர் வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அடித்தது.

அது பஹ்ரைனில், குதைபியாவில், எங்கள் நர்ஸ் ஹாஸ்டல் சமையலறையின் வாசம். டியூட்டி பஸ் வந்தால் கதவைத் திறப்பார்கள், போனால் பூட்டிவிடுவார்கள். பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ் பீரோவில் கிடக்கும். மேட்ரன் நோரா அயர்லாந்துக்காரி. வெள்ளிக்கிழமைகளில் வந்து கோதுமை மாவில் சமையல் சோடாவும் லபன் மோரும் விட்டு ரொட்டி சுடுவாள். அவள் அம்மா மாவை இரும்புச் சட்டியில் வைத்து, மூடியின் மேலும் தணல் போட்டுத் தினமும் சுடுவாளாம்.

நானும் ஒருமுறை சுட்டேன். ஆப்ப மாவு கலக்கிய கை சும்மா இருக்குமா? மாவு பொங்கட்டும் என்று மறுநாள் வரை மூடி வைத்தேன். சோடா மாவு காத்திருக்காது என்று யாருக்குத் தெரியும்? கிடைத்தது அம்மிக்கல்.

மேலே கீறுவது எதற்கு என்று கேட்டபோது, மாவுக்குள் மாட்டிக்கொண்ட மோகினிகள் வெளியேற என்றாள் நோரா. "மாவுக்குள்ள கெடக்க பேய்க்கே வழி உண்டு. நமக்கு ஒரு கதவு இல்லியே மக்ளே" என்றாள் என் ரூமில் இருந்த குளச்சல் ஸ்டெல்லா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அந்த மே மாதம் ஊரில் என் மகளுக்குப் புதுநன்மை, கோவிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். லீவு கேட்டால் மேனேஜர், "ஸ்டாஃப் மாஃபி", ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார். நோரா எனக்காகப் பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் அவள் கைப்பையிலேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்கெல்லாம் ஊருக்குப் போய்விடுவாள். எனக்குப் பொறாமைதான். புதுநன்மைக்கு வாங்கிய வெள்ளைக் கவுனை ஊருக்குப் போன ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். நற்கருணை வாங்க மகள் பீடத்துக்கு நடந்த காலையில் நான் வார்டில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீவு அடுத்த வருஷம்தான் கிடைத்தது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிப்போய் அந்தக் கவுனை மாட்டிக்கொண்டு வந்தாள். முதுகில் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

"நான் மூச்சப் பிடிச்சிக்கிடுதேன், இழுங்கம்மா" என்றாள்.

நோரா ஓய்வுபெற்றுப் போய்விட்டாள். அந்த ஹாஸ்டலையும் இடித்துவிட்டார்களாம். கவுன் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. அன்று நான் எவ்வளவோ இழுத்துப் பார்த்தேன், அது மூடவே இல்லை.